கணிப்பொறிப் பாடம்: போர்டிலேயே இருக்கும் நெட்வொர்க் கார்டும் லினக்ஸும்

2025 தீபாவளிக்கு அடுத்த வாரம் நம் சங்க நூலக அறையில் ஆறு பழைய கணிப்பொறிகள் வந்து இறங்கின. ஓர் அலுவலகத்தில் கழித்துக் கட்டியவை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு அந்த ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துபோனது. விண்டோஸ் 11-ஓ இந்த வயதுக் கணிப்பொறிகளை ஏற்பதில்லை. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்தவற்றை அலுவலகங்கள் மூட்டை கட்டிய நேரம் அது. நம் சங்கத்துக்கு அது யோகம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று செயற்குழு ஏற்றுக்கொண்டது. லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்று நானும் வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்கள். அறை சிறியது, இரண்டு வாரத்துக்குள் இணையத்தோடு வேலை செய்யாதது எதுவோ அது கபாடிவாலாவிடம் போய்விடும். நியாயமான நிபந்தனைதான்.

ஆறில் மூன்று அன்றைக்கே ஓடின. மற்ற மூன்றும் லினக்ஸை ஏற்றுக்கொண்டன. திரை வந்தது, தமிழ் எழுத்து வந்தது, இணையம் மட்டும் வரவில்லை. அந்த மூன்றையும், அதே வாரம் ஓர் அன்பர் வீட்டில் மாட்டிக்கொண்ட நான்காவதையும் வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தை எழுதுகிறேன். வீட்டில் பழைய கணிப்பொறி வைத்திருக்கும் அன்பர்கள் பலர் இப்போது லினக்ஸ் பக்கம் திரும்புகிறார்கள். அவர்களுக்கு முதலில் வரும் தலைவலி பெரும்பாலும் இதுதான்.

ஒரு முன்னறிவிப்பு. நம் இதழில் ஆங்கில எழுத்து போடுவதில்லை என்பது ஆசிரியர் குழுவின் விரதம். ஆகவே கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தமிழில் உச்சரித்துக் காட்டுகிறேன். வாசகர்கள் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளை அருகில் உட்கார வைத்துக்கொண்டால் வேலை சுலபம்.

தொண்ணூறுகளில் நெட்வொர்க் கார்டு என்பது கடையில் தனியாக வாங்கி, பெட்டியைத் திறந்து செருகும் ஒரு பச்சை அட்டை. வாங்கும்போதே அதன் பெயர் நமக்குத் தெரிந்துவிடும். பிறகு மதர்போர்டு செய்பவர்களே அந்தச் சிப்பைப் போர்டில் பற்ற வைத்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பணம் மிச்சம், இடம் மிச்சம். ஆனால் ஒன்று தொலைந்தது: பெயர். பெட்டியின் மேல் இருப்பது கணிப்பொறி விற்றவரின் பெயர். உள்ளே மதர்போர்டில் இருப்பது அதைச் செய்தவரின் பெயர். நெட்வொர்க் சிப்பைச் செய்தவர் மூன்றாம் நபர். ஒரே மாதிரி எண் போட்ட இரண்டு போர்டுகளில் இரண்டு வெவ்வேறு சிப் இருந்தாலும் வியப்பில்லை. 'என் கணிப்பொறி இன்ன கம்பெனி, இதற்கு லினக்ஸில் இணையம் வருமா?' என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு தனி மொழி உண்டு. எந்த இடத்தில் எந்த எண்ணை எழுதினால் அது விழிக்கும், எங்கே எழுதினால் அனுப்பும், வந்து சேர்ந்ததை எங்கே வைத்திருக்கும் என்பதெல்லாம் சிப்புக்குச் சிப்பு மாறும். லினக்ஸின் நடுப்பகுதியான கெர்னலுக்கு இந்த மொழிகள் எதுவும் நேரடியாகத் தெரியாது. அது துபாஷிகளை வைத்துக்கொண்டிருக்கிறது. நாம் இந்த ஊருக்கு வந்த புதிதில் ரேஷன் கார்டு அலுவலகத்துக்கு யாராவது ஒரு பழைய தமிழரைக் கூட்டிக்கொண்டு போனோமே, அது மாதிரி. அந்தத் துபாஷிக்குப் பெயர் டிரைவர். கெர்னலோடு இப்படிப்பட்ட துபாஷிகள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். சரியான ஆள் சரியான சிப்பின் பக்கத்தில் போய் நின்றுவிட்டால் நமக்கு ஒன்றுமே தெரியாது. இணையம் தானாக வந்துவிடும்.

இந்தத் துபாஷிகளை யார் தயாரித்தார்கள் என்பது கேட்க வேண்டிய கதை. 1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டபோது அதற்கு நெட்வொர்க் பேசத் தெரியாது. அமெரிக்காவின் நாசா நிறுவனத்தின் காடர்ட் மையத்தில் வேலை பார்த்த டொனால்டு பெக்கர் என்பவர் அந்தக் காலத்து ஈதர்நெட் கார்டுகள் பலவற்றுக்கு டிரைவர் எழுதினார். அவருக்கு அது பொழுதுபோக்கு இல்லை. 1994-ல் அவரும் தாமஸ் ஸ்டெர்லிங்கும் 16 சாதாரணக் கணிப்பொறிகளை ஈதர்நெட்டால் இணைத்து, விலை உயர்ந்த சூப்பர் கம்ப்யூட்டர் செய்கிற வேலையை வாங்க முயன்றார்கள். பியோவுல்ஃப் என்று அதற்குப் பெயர். மலிவுக் கார்டுகள் லினக்ஸில் ஒழுங்காக ஓடினால்தான் அந்த முயற்சி பலிக்கும். அவர்கள் தேவைக்குச் செய்தது நம் வீட்டு மேஜை வரை வந்து சேர்ந்தது.

எல்லாச் சிப் உற்பத்தியாளர்களும் தங்கள் சிப்பின் மொழியைச் சொல்லிவிடவில்லை. 2001-லிருந்து என்விடியா நிறுவனம் என்ஃபோர்ஸ் என்ற வரிசையில் மதர்போர்டுகளுக்கான சிப்களை விற்றது. நெட்வொர்க்கும் அதிலேயே சேர்த்தி. லினக்ஸுக்கு ஒரு டிரைவரும் தந்தார்கள். ஆனால் முக்கியப் பகுதி மூடி முத்திரையிட்ட பொட்டலமாக இருந்தது. உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியாது, திருத்தவும் முடியாது. மான்ஃப்ரெட் ஸ்ப்ரால் முதலிய சில நிரலாளர்கள் 2003-ல் தொடங்கி அதற்குத் தனியாக ஒரு டிரைவர் எழுதினார்கள். மூடிய டிரைவர் சிப்போடு என்ன பேசுகிறது என்பதை ஒருவர் கவனித்துக் குறிப்பெடுப்பார். அந்த மூலத்தைக் கண்ணாலும் பார்க்காத இன்னொருவர் குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக எழுதுவார். யாருடையதையும் திருடியதாகச் சொல்ல முடியாது. அந்த டிரைவருக்கு 'ஃபோர்ஸ்டெத்' என்று பெயர் வைத்தார்கள். சில ஆண்டுகளில் என்விடியாவே அந்த டிரைவருக்குத் திருத்தங்கள் எழுதி அனுப்பத் தொடங்கியது என்பது இந்தக் கதையின் சுவையான பகுதி. ஒரு வேடிக்கையும் உண்டு. ஒவ்வொரு கார்டுக்கும் உள்ள 12 இலக்க முகவரி, அந்தச் சிப் இருந்த பல போர்டுகளில் பின்னிருந்து முன்னாக எழுதப்பட்டிருந்தது. டிரைவர் அதைத் திருப்பிப் படிக்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் யாரோ ஓர் ஆள் இராக்கண் விழித்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

சரி, பாடத்துக்கு வருவோம்.

இணையம் வரவில்லை என்றால் நான்கு கேள்விகளை இதே வரிசையில் கேட்க வேண்டும். வரிசை மாறினால் ஒரு மாலை நேரம் வீணாகும், என் அனுபவம். கணிப்பொறிக்குத் தன்னிடம் ஒரு நெட்வொர்க் கார்டு இருப்பது தெரிகிறதா? தெரிந்தால், அதற்கு டிரைவர் அமைந்ததா? அமைந்தால், கேபிள் வழியாக மறுமுனை தென்படுகிறதா? தென்பட்டால், ரௌட்டர் அதற்கு ஒரு முகவரி கொடுத்ததா?

முதல் இரண்டு கேள்விக்கும் ஒரே கட்டளை பதில் சொல்லிவிடும். டெர்மினலைத் திறந்து எல்-எஸ்-பி-சி-ஐ என்று இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். பிறகு ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, அதை ஒட்டி என் இரண்டு முறை, கே ஒரு முறை. எண்டர். கணிப்பொறிக்குள் இருக்கும் உறுப்புகளின் பட்டியல் வரும். அதில் 'ஈதர்நெட் கண்ட்ரோலர்' என்று ஆரம்பிக்கும் வரியைத் தேடுங்கள். வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் நான்கு, ஒரு முக்காற்புள்ளி, மறுபடி நான்கு என எட்டு எழுத்து இருக்கும். இதுதான் தொலைந்துபோன பெயர். முதல் நான்கு சிப் செய்த நிறுவனத்துக்கு உரியது, பின் நான்கு அந்த மாடலுக்கு. இன்டெல்லின் எண் 8086. 1978-ல் அவர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற பிராசஸரின் பெயரையே எண்ணாக வைத்துக்கொண்டார்கள். தைவானின் ரியல்டெக் நிறுவனத்துக்கு 10ஈசி. பிராட்காமுக்கு 14ஈ4. இந்த எட்டெழுத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். யாரிடம் உதவி கேட்டாலும் அவர்கள் கேட்கப் போகும் முதல் விஷயம் இதுதான்.

அதே வரிக்குக் கீழே இன்னும் சில வரிகள் இருக்கும். 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருந்து, அதற்கு எதிரே ஒரு பெயரும் இருந்தால் துபாஷி வந்து நின்றுவிட்டார். நம் சங்கத்தில் அன்றைக்கே ஓடிய மூன்றிலும் இன்டெல் சிப். எதிரே இருந்த பெயர் ஈ1000ஈ. ரியல்டெக் சிப் என்றால் பெரும்பாலும் ஆர்8169 என்று இருக்கும். அந்த வரியே இல்லையென்றால் சிப் இருக்கிறது, பேச ஆள் இல்லை.

இப்போது அன்பர் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். தையல் வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைக்கும் ஓர் அம்மையார். பையன் பொறியியல் கடைசி ஆண்டு. மாமா ஒருவர் உதவியோடு பாகம் பாகமாக வாங்கிக் கணிப்பொறி சேர்த்திருந்தான். விண்டோஸுக்குச் செலவு வேண்டாமே என்று என்னிடம் லினக்ஸ் பென் டிரைவ் கேட்டு வாங்கிப் போனான். மூன்றாம் நாள் அந்த அம்மையார் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணா, நெட்டே வரலை. கடையில காட்டினோம். அவன் தன்கிட்ட இருக்கிற வேற ஏதோ போட்டுப் பார்த்தான், அதுலயும் வரலை. போர்டு கராப் ஹோ கயான்னு சொல்லிட்டான். வேற போர்டு எட்டாயிரம் ஆகுமாம். நாளைக்கு மாத்தித் தரேன்னு அட்வான்ஸ் கேக்கறான்."

"பணம் கொடுத்துட்டீங்களா அம்மா?"

"இன்னும் இல்லண்ணா. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்னுதான்."

பையனிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொல்லி, மேலே சொன்ன கட்டளையைத் தட்டச் சொன்னேன். ஈதர்நெட் வரி இருந்தது. எண் 10ஈசி:8125. டிரைவர் வரி இல்லை. "அங்கிள், அப்போ சிப் செத்துப் போயிடுச்சா?" என்றான். செத்த சிப் தன் பெயரை இப்படி ஒழுங்காகச் சொல்வது அபூர்வம். எனக்கு உடனே உறைத்தது, தப்பு என்னுடையது என்று.

8125 என்பது ரியல்டெக்கின் சற்றுப் புதிய சிப், நொடிக்கு 2.5 கிகாபிட் வேகம். லினக்ஸில் அதற்கான டிரைவர் சேர்ந்தது கெர்னல் 5.4-ல், அது வெளிவந்தது 2019 நவம்பர். நான் கொடுத்த பென் டிரைவில் இருந்ததோ டெபியன் 10. அது 2019 ஜூலையில் வந்தது, அதன் கெர்னல் 4.19. நான்கு மாத வித்தியாசம். என் பென் டிரைவுக்கு அந்தச் சிப் பிறந்ததே தெரியாது. கடைக்காரர் போட்டுப் பார்த்ததும் ஏதோ பழைய பதிப்பாகத்தான் இருந்திருக்கும். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பழைய பென் டிரைவைச் சோம்பேறித்தனத்தால் ஐந்தாறு ஆண்டாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தவன் நான். அந்தச் சோம்பலுக்கு எட்டாயிரம் ரூபாய் தையல் கூலி போயிருக்கும்.

அன்று மாலையே 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐப் புதிதாக இறக்கி எடுத்துக்கொண்டு போனேன். அதன் கெர்னல் 6.12. போட்டுத் திரை வருவதற்குள் கார்டின் விளக்கு எரிந்தது. பையன் எழுந்து போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து அந்த விளக்கைக் காட்டினான்.

உங்கள் கணிப்பொறியில் எந்தக் கெர்னல் ஓடுகிறது என்று பார்க்க யு-என்-ஏ-எம்-ஈ, இடைவெளி, சிறு கோடு, ஆர் என்று தட்டுங்கள். போர்டு புதிதாகவும் கெர்னல் பழையதாகவும் இருந்தால் வேறு எந்த வைத்தியமும் பார்க்கும் முன் புதிய பதிப்பைப் போட்டுப் பாருங்கள். பென் டிரைவிலிருந்தே ஓடக்கூடிய பதிப்புகள் இருக்கின்றன. ஹார்டு டிஸ்கைத் தொடாமலே சோதிக்கலாம்.

இதில் ஒரு சிக்கல் பலரை மடக்கும். இணையம் வர டிரைவர் வேண்டும், டிரைவரை இறக்க இணையம் வேண்டும். கிணற்றுக்குள் விழுந்தவனிடம் கயிறு வாங்கி வரச் சொல்வது போல. இதற்கு உங்கள் கைப்பேசி போதும். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கேபிளால் கணிப்பொறியில் இணைத்து, அமைப்புகளில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள். லினக்ஸ் அந்தக் கைப்பேசியையே ஒரு நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்ளும். அதற்கான டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம்.

டிரைவர் இருந்தும் சில சிப் முரண்டு பிடிக்கும். அவற்றுக்கு ஃபர்ம்வேர் என்று ஒரு சிறு கோப்பு வேண்டும். கணிப்பொறி விழித்தவுடன் சிப்புக்குள் ஊட்டப்படும் கஷாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராட்காம், ரியல்டெக் சிப்கள் சிலவற்றுக்கு இது உண்டு. இந்தக் கோப்புகளின் மூலம் வெளியிடப்படாததால் டெபியன்காரர்கள் நெடுங்காலம் தங்கள் அதிகாரபூர்வ நிறுவல் தட்டில் அவற்றைச் சேர்க்கவில்லை. கொள்கைப் பிடிப்பு, தப்பு சொல்ல முடியாது. ஆனால் புதிதாக வருபவர் பாதி நிறுவலில் திண்டாடுவார். 2022-ல் உறுப்பினர்களிடையே வாக்கெடுப்பு நடத்தி மாற்றிக்கொண்டார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் தட்டிலேயே வருகிறது. இதுவும் பழைய பென் டிரைவைத் தூக்கிப் போட ஒரு காரணம்.

உங்களுக்கு யாராவது, 'ஆர்8169 டிரைவரைத் தடை செய்துவிட்டு ஆர்8168 என்று ரியல்டெக்கே தரும் டிரைவரை நீயே கம்பைல் செய்' என்று சொல்லக்கூடும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பல போர்டுகளுக்கு அது நல்ல யோசனையாக இருந்தது. இப்போதைய கெர்னலில் இருக்கும் ஆர்8169 மிகவும் தேறிவிட்டது. அதைச் சோதிக்காமல் இந்த வழிக்குப் போகாதீர்கள். கையால் கம்பைல் செய்த டிரைவர், கெர்னல் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் காணாமல் போகும். டிகேஎம்எஸ் என்ற ஏற்பாட்டோடு நிறுவியிருந்தால்தான் அது தானாகத் திரும்பக் கட்டிக்கொள்ளும். பயாஸில் 'செக்யூர் பூட்' இயங்கிக்கொண்டிருந்தால் கையெழுத்திடப்படாத டிரைவரை உள்ளேயே விடாது.

எதிர்ப்பக்கம் ஓர் எச்சரிக்கையும் உண்டு. புதிது நல்லது என்றேன், சோதனைப் பதிப்பு நல்லது என்று சொல்லவில்லை. 2008-ல் கெர்னல் 2.6.27-இன் சோதனைப் பதிப்புகளை ஓட்டிய சிலருடைய இன்டெல் நெட்வொர்க் சிப்பில் நிரந்தர நினைவகமே அழிந்து, கார்டு உண்மையிலேயே செயலிழந்தது. முதலில் எல்லோரும் ஈ1000ஈ டிரைவரைத்தான் சந்தேகித்தார்கள். கடைசியில் பார்த்தால் கெர்னலில் வேறொரு மூலையில் சேர்த்திருந்த, நெட்வொர்க்கோடு சம்பந்தமே இல்லாத ஒரு கண்காணிப்பு வசதி தவறான இடத்தில் எழுதியிருந்தது. இறுதிப் பதிப்பு வருமுன் பூட்டுப் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு இறுதிப் பதிப்பு போதும்.

இனி சங்கக் கணிப்பொறிகள். நான்காவதில் சிப் தெரிந்தது, டிரைவர் வரி இருந்தது, கேபிள் செருகும் இடத்தில் விளக்கு மட்டும் எரியவில்லை. வேறு கேபிள் மாற்றினேன், இல்லை. டிரைவரை இறக்கி ஏற்றினேன், இல்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது. சில போர்டுகளில், முன்பிருந்த இயங்குதளம் கணிப்பொறியை அணைக்கும்போது மின்சாரச் சிக்கனத்துக்காக நெட்வொர்க் சிப்பை ஆழ்ந்த உறக்கத்தில் போட்டுவிட்டுப் போகும். கணிப்பொறியை அணைத்தாலும், பிளக் சுவரில் இருக்கும்வரை போர்டில் சிறிது மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். சிப் அதே உறக்கத்தில் கிடக்கும். புது டிரைவருக்கு அதை எழுப்பத் தெரியாது. அணைத்தேன், சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கினேன், பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தேன், கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மாட்டினேன். விளக்கு எரிந்தது. ஒரே கணிப்பொறியில் இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். காரணம் தெரியாமல் லினக்ஸைத் திட்டுவார்கள்.

ஐந்தாவது என்னை ஒரு முழு மாலை ஏமாற்றியது. விளக்கு எரியும், அணையும், மூன்று நான்கு விநாடியில் மறுபடி எரியும். டி-எம்-ஈ-எஸ்-ஜி என்ற கட்டளை கெர்னலின் நாட்குறிப்பைக் காட்டும். டெபியனில் அதை நிர்வாகி உரிமையோடு ஓட்ட வேண்டும். அதில் 'லிங்க் அப்', 'லிங்க் டவுன்' என்று ஸ்ரீராமஜெயம் எழுதினது போல் பக்கம் பக்கமாக இருந்தது. டிரைவர் கோளாறு என்று முடிவுகட்டி ஒரு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினேன். நான் சொல்லிக்கொடுக்கும் வரிசையை நானே மீறினேன் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் கேள்வியை ஒழுங்காகக் கேட்கவில்லை.

கேபிளின் கண்ணாடிமுனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது எட்டுக் கம்பிக்குப் பதில் நான்குதான் இருந்தது. பழைய 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பி போதும். கம்பி போட்டவர் பல வருடங்களுக்கு முன் அப்படியே முடித்துவிட்டார். அன்றைக்கு அது குற்றமில்லை. ஆனால் கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். புதிய ரௌட்டரும் கார்டும் முதலில் அந்த நான்கு கம்பியில் குசலம் விசாரித்துக்கொண்டு, 'நீயும் கிகாபிட்டா, நானும் கிகாபிட்' என்று ஒப்பந்தம் செய்து, வேகத்தைக் கூட்டியவுடன் மீதி நான்கைக் காணாமல் விழுந்துவிடுகின்றன. சில சிப் தாமாகவே ஒரு படி இறங்கி 100-ல் நின்றுகொள்ளும். சில விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். எட்டுக் கம்பிக் கேபிள் போட்டதும் சரியாயிற்று. கேபிள் மாற்ற வழியில்லாதவர்கள் ஈத்டூல் என்ற சாதனத்தால் கார்டை 100-க்கு மேல் பேச்செடுக்காதே என்று கட்டுப்படுத்தலாம். ஈத்டூல் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டுக் கார்டின் பெயரைக் கொடுத்தால், கடைசி வரியில் 'லிங்க் டிடெக்டட்' என்பதற்கு எதிரே ஆமாம், இல்லை என்று வரும், வேகமும் தெரியும்.

கார்டின் பெயர் என்றேனே, அதிலும் ஒரு குழப்பம் உண்டு. பழைய புத்தகங்களில் எத்0 என்று இருக்கும். 2013-ல் சிஸ்டம்டி என்ற அமைப்பு பெயரிடும் முறையை மாற்றியது. இரண்டு கார்டு இருந்தால், ஒருநாள் எத்0 ஆக இருந்தது மறுநாள் எத்1 ஆகிவிடும் தொல்லையை ஒழிக்க இந்த ஏற்பாடு. இப்போது பெயர் கார்டு இருக்கும் இடத்தைப் பொறுத்தது. போர்டிலேயே இருப்பது என்று பயாஸ் அறிவித்தால் ஈஎன்ஓ1 என்று வரும். அந்த ஓ, ஆன்போர்டு என்பதன் முதலெழுத்து. அறிவிக்காவிட்டால் ஈஎன்பி3எஸ்0 போல வரும்; மூன்றாம் பஸ், பூஜ்யமாம் இடம் என்று பொருள். உங்கள் பெயர் எது என்று பார்க்க ஐ-பி, இடைவெளி, ஏ என்று தட்டுங்கள். அதே பட்டியலில் கார்டின் கீழே 'ஐநெட்' என்று தொடங்கி 192.168 என்பது போன்ற எண் இருந்தால் நான்காம் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது: ரௌட்டர் முகவரி கொடுத்திருக்கிறது. எண் இல்லை, விளக்கு மட்டும் ஒழுங்காக எரிகிறது என்றால் கார்டை விட்டுவிட்டு ரௌட்டரைப் பாருங்கள்.

ஆறாவது கணிப்பொறிக்கு வருகிறேன். அதில் முதல் கேள்வியிலேயே தோல்வி. பட்டியலில் ஈதர்நெட் வரியே இல்லை. இப்படி இருந்தால் முதலில் செய்ய வேண்டியது பயாஸுக்குள் போவது. கணிப்பொறி விழித்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்ட வேண்டும். அங்கே 'ஆன்போர்டு லேன்' என்ற இடத்தில் யாராவது 'டிஸேபிள்டு' என்று வைத்திருப்பார்கள். அலுவலகக் கணிப்பொறிகளில் இது சகஜம். மாற்றிச் சேமித்தால் கார்டு தோன்றிவிடும். இதில் 'எனேபிள்டு' என்றே இருந்தது. பிளக்கைப் பிடுங்கி ஓர் இரவு முழுக்க வைத்தேன். புது கெர்னல் போட்டேன். பட்டியலில் வரவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தால் கேபிள் செருகும் இடத்தின் அருகில் கருகிய தடம். மழைக்கால மின்னல் தொலைபேசிக் கம்பி வழியாகவோ கேபிள் வழியாகவோ இறங்கினால் முதலில் பலியாவது இந்த இடம்தான்.

கபாடிவாலாவிடம் போக வேண்டியதுதானா என்று செயலாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். நெட்வொர்க் சிப் போனால் போர்டே போனதாக அர்த்தமில்லை. மற்ற எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பியில் செருகும் ஈதர்நெட் கருவி கிடைக்கிறது. போர்டில் இடமிருந்தால் உள்ளே செருகும் கார்டும் கிடைக்கிறது. கடையில் மேலுறையில் உள்ள பெயரைப் பார்த்து வாங்காமல், உள்ளே இருக்கும் சிப் எது என்று கேட்டு, அதற்குக் கெர்னலில் டிரைவர் இருப்பதை உறுதிசெய்துகொண்டு வாங்கினேன். கெட்டுப்போன சிப்பைப் பயாஸில் 'டிஸேபிள்டு' என்று வைத்துவிட்டேன்.

ஆறு பெட்டியின் பக்கவாட்டிலும் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கிறேன். அந்த எட்டெழுத்து எண், டிரைவரின் பெயர், கெர்னல் பதிப்பு, தேதி. ஆறாவதன் சீட்டில் 'உள் கார்டு இல்லை, யுஎஸ்பி கருவியைக் கழற்ற வேண்டாம்' என்று தமிழிலும் இந்தியிலும் எழுதியிருக்கிறது. அறையைப் பெருக்க வருபவர் ஒருமுறை அதைப் பென் டிரைவ் என்று நினைத்துப் பத்திரமாக எடுத்து மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டார்.